அடுப்பு எந்த மூலையில் இருந்தது?

புலம்பெயர்ந்தவர்களின் நினைவை வைத்து நிறுவல் கலை செய்கிறேன் என்றால், கேட்பவர் மனதில் உடனே வருவது பழைய டிரங்குப் பெட்டியும் பித்தளைக் குடமும் மஞ்சளேறிய கடிதமும்தான். அந்தமானின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் உள்ள என் பட்டறைக்கு வருகிறவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். ஆனால் நான் யாருடைய கதையைச் செய்கிறேனோ அவர்களிடம் பொருள் என்று எதுவும் மிஞ்சவில்லை.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தார்கள். பலர் நீலகிரித் தேயிலைக்குப் போனார்கள். சில குடும்பங்களை அரசு நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியது. 2004 டிசம்பர் 26 சுனாமி மிக மோசமாக அடித்த தீவுகளில் கச்சாலும் ஒன்று. கொண்டுவந்த பொருளில் பாதி தலைமன்னார்த் துறையில் போனது, மிச்சத்தைக் கடல் எடுத்தது. தப்பிய காகிதங்களை இந்த ஊர்ப் பூஞ்சை பார்த்துக்கொள்கிறது. வருஷத்தில் பாதிக்குமேல் மழை பெய்யும் ஊரில் இரும்புப் பீரோவுக்குள்ளும் பச்சை படரும்.

அதனால் பொருளை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்தேன். இதற்கு எனக்கு வழிகாட்டியவர் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன். 2004-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில், 1981-இல் எரிக்கப்பட்ட அதே நூலகத்தில், வீடு வீடாகச் சேகரித்த பொருள்களைக் கொண்டு அவர் ஒரு நிறுவலைச் செய்தார். எனக்கு அதைவிட நெருக்கமானது 2011-இல் வந்த அவருடைய நூல். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பின் பெயரை அதற்கு வைத்தார். இடம்பெயர்ந்தவர்களிடம் காகிதத்தைக் கொடுத்து, இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அப்படி 80 வீடுகள். பத்திரமும் சாவியும் இல்லாதவருக்குக்கூடக் கிணற்றடிக்கு எத்தனை எட்டு என்பது தெரிகிறது.

என் ஆட்கள் பென்சில் பிடிக்கக் கூச்சப்படுவார்கள். அவர்களை நடக்கச் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான மலையகத்து லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டு. அதை அதே அளவில் தரையில் போடுகிறேன். சுவருக்கு மரத்தூள். தச்சுப் பட்டறைகளில் மூட்டையாகக் கிடைக்கும் படாக் மரத்தின் செந்தூள், சல்லடையில் சலித்தது. சுவரை இரண்டு விரல் உயரத்துக்குப் போட்டால் ஜனங்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். முழங்கால் உயரத்துக்குப் பலகை அடைத்துத் தூளைக் குவித்தால் நிற்கிறார்கள், வாசல் எங்கே என்று தேடுகிறார்கள். அப்படி வாசலைத் தேட வைப்பதுதான் எனக்கு வேண்டும். உள்ளே ஒரே சமயத்தில் ஆறு பேரை விடுகிறேன். முழங்கை இடிக்கும். அந்த நெருக்கத்தைச் சொல்ல எந்த விளக்கப் பலகையாலும் முடியாது.

ஒட்டினாற்போல் கச்சால் வீடு. அதற்கு மேலே மூங்கில் கழிகளில் புகையேறிய ரப்பர் ஷீட்டுகள் தொங்கும். ஷீட்டின் புளித்த புகைவாடை நாலைந்து நாளில் மங்கிவிடும், அதனால் திறப்பு நாள் காலைவரை பாலிதீனில் கட்டி வைப்பேன். வாடையை நம்பலாம் என்ற தைரியம் எனக்கு மரியா மக்தலேனா காம்போஸ்-போன்ஸைப் படித்ததில் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கியூபப் பெண், 1959-இல் மத்தான்சாஸில் பிறந்தவர். ஒரு காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்த குடியிருப்பில் வளர்ந்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறினார். 2016-இல் அங்குள்ள சேலம் நகரின் பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் கைவிடப்பட்ட சர்க்கரை ஆலைகளை ஊதுகண்ணாடியில் எழுப்பி, கூடத்தில் ரம் வாசனையைப் பரவவிட்டார். எங்களுக்குக் கரும்புக்குப் பதில் தேயிலை, ரப்பர். அந்தக் குடியிருப்புக்கும் எங்கள் லயத்துக்கும் தூரம் அதிகமில்லை.

எதையும் நிரந்தரமாகப் பதிப்பதில்லை. ஆணி, சிமெண்ட் கிடையாது. அடுப்புக் கல் மூன்றும் சும்மாதான் கிடக்கும். இதைப் பார்த்துப் பாதி வேலை என்று சொன்ன சக கலைஞர்கள் உண்டு. எனக்கு இதுதான் வேலை. நினைவு யாருடையதோ அவர் வந்து கைவைத்துத் திருத்த இடம் இல்லாவிட்டால், நான் செய்தது என் கற்பனைக்கு ஒரு செட்.

கச்சாலிலிருந்து வந்து இங்கே பேரன் வீட்டில் இருக்கும் ஓர் அப்பாயி, சுவரை மிதிக்காமல் வாசல் வழியாக லய அறைக்குள் வந்தார். குனிந்து மூன்று கல்லையும் இடப்பக்க மூலைக்குத் தள்ளினார்.

"காத்து இந்தப் பக்கம்தானே வரும் தம்பி, புகை எப்படிப் போவும்?"

பின்னால் வந்த பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய தோட்டத்தில் லயத்துக்கு வாசல் எதிர்ப்பக்கமாம். "ஒங்க டிவிசன் மேட்டுல, எங்களது பள்ளத்துல" என்றார் அப்பாயி. பேச்சு, காலையில் ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் போனது, கங்காணி பேர் போடாமல் விட்ட நாளுக்குப் போனது, மண்டபத்தில் பிறந்து மண்டபத்திலேயே போன ஒரு குழந்தையிடம் வந்து நின்றது. பேரன் அந்தக் குழந்தையைப் பற்றி அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறான். அந்தமான் இந்தியிலேயே வளர்ந்த பையன், தமிழில் தட்டுத் தடுமாறி அதன் பெயர் என்ன என்று கேட்டான். அப்பாயி சொன்னார். ரப்பர் ஷீட்டின் ஓரத்தில் சாக்பீஸால் எழுதச் சொன்னேன், எழுதினான்.

பெரியவருக்காக எதிர்ச்சுவரில் தூளை விலக்கி இன்னொரு வாசல் திறந்தேன். அந்த அறைக்கு இப்போது இரண்டு வாசல். அடுத்த மாதம் பெரியவர் தன் தங்கையை அழைத்து வருகிறார். தங்கைக்கு ஜன்னலைப் பற்றி ஏதோ சொல்ல வேண்டுமாம். இன்னும் இரண்டு மூட்டைத் தூளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.