பலகையைப் பிடிப்பவர்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில், திரு இருதய ஆண்டவர் படத்திற்குக் கீழே, ஒரு நீல நிறப் பலகை சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ ஓரடிச் சதுரம். ஒரு விரல் தடிமன். கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது. நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடுகிறது. உற்றுப் பார்த்தால் அது கோடன்று, இணைப்பு என்பது புலப்படும். இரு பாதிகளின் விளிம்புகளும் பல்லும் பள்ளமுமாக ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கின்றன. உரிய இடத்தில் உரிய வேகத்துடன் அடி விழுந்தால் 'படக்' என்னும் ஓசையுடன் பலகை இரண்டாகப் பிரியும். பிரிந்தவற்றைப் பொருத்தினால் மீண்டும் ஒன்றாகும். வருவோர் கேட்டால், எங்கள் மகளின் டேக்வாண்டோ பயிற்சிப் பலகை என்று சொல்லிவிடுகிறோம். பெற்றோராகிய எங்கள் இருவருக்கும் அது ஒரு பாடம் கற்பித்தது என்பதைச் சொல்வதில்லை. அதை இங்கே சொல்லத் துணிகிறோம்.

மகளுக்கு இப்போது வயது 13. அவள் இக்கலையைக் கற்கத் தொடங்கிய நாள்முதலே எங்களுள் கருத்து வேற்றுமை உண்டு. ஒருவருக்கு அது பெருமை, மற்றவருக்கு அச்சம். வீட்டிலிருந்த பாட்டியோ, "பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த முரட்டு விளையாட்டு? கோயிலுக்குப் போகிற குடும்பத்துக்கு இது அழகா?" என்று கேட்டார். அவருக்கு ஒரு காணொளியைக் காட்டினோம். 2018 மே 30 அன்று வத்திக்கானில், புனித பேதுரு சதுக்கத்தில், உலக டேக்வாண்டோ அமைப்பின் குழுவினர் திருத்தந்தை பிரான்சிஸ் முன்னிலையில் தங்கள் கலையைச் செய்து காட்டிய நிகழ்ச்சி அது. இளைஞர்கள் துள்ளியெழுந்து பலகைகளை உடைப்பதையும், 2025-இல் இறைவனடி சேர்ந்த அந்த முதியவர் அதைப் புன்முறுவலுடன் பார்ப்பதையும் கண்ட பாட்டி, அதன்பின் வாதிடவில்லை. ஆனால் எங்கள் இருவரின் கருத்து வேற்றுமை தீரவில்லை. அதைப் பேசித் தீர்க்காமல் மூடி வைத்தோம்.

இப்படியிருக்க, அடுத்த பெல்ட் தேர்வில் பலகை உடைத்தலும் உண்டு என்று மாஸ்டர் அறிவித்தார். கொரிய மொழியில் இதனைக் 'கியோக்பா' என்பர். வழக்கமாக இதற்குப் பைன் போன்ற மென்மரப் பலகையைப் பயன்படுத்துவார்கள். மரம் அதன் நார் ஓடும் வழியே பிளக்கும்; ஆனால் ஒரு பலகை ஒரு முறைக்கே உதவும். வீட்டில் நாள்தோறும் பழக வேண்டுமானால் மரத்துக்கு எங்கே போவது? அதற்காகவே மீண்டும் மீண்டும் பொருத்தத்தக்க இந்தப் பலகைகள் வந்துள்ளன. நிறத்துக்கேற்பக் கடினம் மாறுபடும். வளரும் பிள்ளைக்குச் சற்றுப் பெரிதாகவே உடை தைப்பதுபோல, கடினமானதையே வாங்கிவிடலாம் என்று எண்ணினோம். மாஸ்டர் தடுத்துவிட்டார். வளரும் வயதில் எலும்புகளின் முனைகள் இன்னும் முற்றியிருக்காது. எளிய பலகையே போதும், முட்டியால் குத்தக்கூடாது, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அடித்தால் போதும் என்று சொல்லி, அவரே நீலப் பலகையைத் தேர்ந்து தந்தார். "ஆனால் ஒன்று, பிடிப்பவர்கள் சரியாகப் பிடிக்க வேண்டும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நாங்கள் பொருட்படுத்தவில்லை. அடிப்பதுதானே கலை, பிடிப்பதில் என்ன இருக்கிறது?

ஒரு சனிக்கிழமை மாலை. கூடத்து நாற்காலிகளை ஒதுக்கினோம். பலகையின் ஒரு பக்கத்தை ஒருவரும் மறு பக்கத்தை மற்றவரும் பற்றிக்கொண்டு நின்றோம். மகள் வணங்கினாள், மூச்சை இழுத்தாள், ஓங்கிய குரலோடு பாய்ந்து அடித்தாள். அந்தக் கணத்தில் எங்களுள் ஒருவரின் கை தளர்ந்து பின்வாங்கியது. யாருடைய கை என்பதை எழுதப் போவதில்லை. அடுத்து நிகழ்ந்ததைக் கண்டால் அது அவ்வளவு முக்கியமன்று என்பது விளங்கும். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, இணைப்பு விலகவில்லை. "அம்மா!" என்ற அலறலோடு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்தாள்.

இதன் காரணத்தைப் பின்னர் படித்தறிந்தோம். மைக்கேல் ஃபெல்ட், ரொனால்ட் மெக்நேர், ஸ்டீபன் வில்க் ஆகிய மூவர் கராத்தே அடியின் இயற்பியலைக் குறித்து 1979-ஆம் ஆண்டு 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் எழுதினர். இவர்களுள் மெக்நேர் தாமே கறுப்பு பெல்ட் பெற்றவர். 1986-இல் சாலஞ்சர் விண்கல விபத்தில் உயிர்நீத்த எழுவருள் ஒருவர். கை முழுவதும் நீளும் முன்னரே அதன் வேகம் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. ஆகவே பலகையைத் தொடுவதற்காக அன்று, அதற்கு அப்பாலுள்ள இடத்தை எட்டுவதற்காக அடிக்க வேண்டும். பலகை அசையாமல் நின்றால் அடியின் விசை முழுவதும் அதை வளைத்துப் பிளக்கிறது. பலகை பின்வாங்கினாலோ அந்த விசை அதைத் தள்ளுவதிலேயே வீணாகிறது. பிளவாத பலகை அடித்த கையைத்தான் தாக்குகிறது. பிள்ளைக்கு அடிபடுமோ என்று அஞ்சிக் கையை இழுத்தோம். இழுத்ததனாலேயே பிள்ளைக்கு அடிபட்டது.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இறையருளால் எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். ஆனால் வீடு திரும்பும் வழியிலேயே எங்களுக்குள் மூடி வைத்திருந்தது வெடித்தது. "இதற்குத்தான் அன்றே வேண்டாம் என்றேன்" என்று ஒருவர். "நம்பிக்கையில்லாமல் பிடித்தால் இப்படித்தான் ஆகும்" என்று மற்றவர். அன்றிரவு குடும்பச் செபமாலைக்கு அமர்ந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மகள் கட்டுப்போட்ட வலக்கையை மடியில் வைத்து, இடக்கையால் மணிகளை உருட்டினாள். செபம் முடிந்ததும் எழாமல் அமர்ந்திருந்தாள். பிறகு, "அப்பா, அம்மா, எனக்குக் கை வலிப்பது பெரிதில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பிடித்திருக்கலாம்" என்றாள்.

அவள் பலகையைப் பற்றித்தான் சொன்னாள். எங்களுக்கோ அது பலகையைப் பற்றி மட்டுமாகத் தோன்றவில்லை. படிப்பு, நட்பு, உடை, வெளியே போய்வரும் நேரம் என ஒவ்வொன்றிலும் ஒருவர் இறுகப் பற்ற, மற்றவர் தளர்த்திக்கொண்டிருந்தோம். இருவருமே அதை அன்பு என்றுதான் நினைத்தோம். இடையில் நின்று அடிபட்டது யார்?

அந்நாள்களில் விடுதலைப் பயண நூலின் 17-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. அமலேக்கியரோடு நடந்த போரில் களத்தில் நின்றவர் யோசுவா. குன்றின்மேல் மோசேயின் கைகள் உயர்ந்திருந்தவரை இஸ்ரயேலர் வென்றனர், தாழ்ந்தபோது பின்னடைந்தனர். அவர் கைகள் சோர்ந்துபோகவே, அவரை ஒரு கல்லின்மேல் அமர்த்தி, ஆரோன் ஒரு பக்கமும் கூர் மறு பக்கமுமாகக் கதிரவன் மறையும்வரை தாங்கிப் பிடித்தனர். வாள் வீசியவரை எல்லாரும் அறிவர். கையைத் தாங்கிய இருவரைப்பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவர்களுள் ஒருவர் மட்டும் தளர்ந்திருந்தால்? திருமண அருளடையாளத்தில் இருவரை இணைக்கும் இறைவன், அவர்களிடம் கேட்பதும் இந்தப் பணியைத்தான் போலும்.

கை நன்கு தேறிய பிறகு, மாஸ்டரிடம் முதலில் பயிற்சிக்குச் சென்றவர்கள் நாங்கள் இருவருமே. ஒரு காலை முன்வைத்து, முழங்கை மடங்காமல், விரல்கள் நடுக்கோட்டை நோக்கி நீளாமல், உள்ளங்கையால் விளிம்பை அழுத்தி நிற்கக் கற்றுக்கொண்டோம். "அடிப்பவரை நம்ப வேண்டும், பக்கத்தில் பிடிப்பவரையும் நம்ப வேண்டும்" என்றார் அவர். வீட்டில் மறுபடியும் நின்றோம். மகள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஐயம் இருந்தது. அதைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது. குரல் எழுந்தது. 'படக்!' ஆளுக்கொரு பாதி எங்கள் கைகளில் நின்றது. அவள் அவற்றை வாங்கி, பல்லோடு பல்லைப் பொருத்திச் சேர்த்து, எங்களிடமே நீட்டினாள்: "இன்னொரு முறை."

மரப்பலகை உடைந்தால் உடைந்ததுதான். இந்தப் பலகை பிரிந்தாலும் கூடுகிறது. ஒப்புரவின் அருளை நினைவூட்டுகிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கையும் அதில் உண்டு. பன்முறை பிரித்துப் பொருத்தினால் பற்கள் தேய்ந்து பிடிப்புத் தளர்ந்துவிடும். மீண்டும் சேரலாம் என்பதற்காக நாள்தோறும் உடைத்துக்கொள்ளலாமா?

தேர்வு நாளில் பலகையைப் பிடித்தவர்கள் மாஸ்டரின் மூத்த மாணவர்கள். அது மரப்பலகை. நாங்கள் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தோம். மகள் முதல் அடியிலேயே அதைப் பிளந்தாள். கைதட்ட நினைத்தபோதுதான் கவனித்தோம்: எங்கள் நான்கு கைகளும் முழங்கை மடங்காமல் முன்னே நீண்டு, முன்வரிசை நாற்காலியின் முதுகை இரு பக்கமும் இறுகப் பற்றியிருந்தன.