வழி சொல்பவர்

வில்லியனூரிலும் பாகூரிலும் பிறந்த எங்களுக்கு மலை என்பது பேருந்தேறிப் போய்ப் பார்க்க வேண்டிய பொருள். எங்கள் நிலத்தில் உயர்ந்து நிற்பவை கோயில் கோபுரமும் ஏரிக்கரையும்தான். அதனாலோ என்னவோ, ஆண்டுக்கு ஒருமுறை விழுப்புரம், திருவண்ணாமலை வழியாகப் போளூரை அடுத்த பர்வதமலைக்குச் சென்றுவருவதை ஒரு நோன்பு போல வைத்திருந்தோம். ஏறத்தாழ 4,500 அடி உயரம். உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் கோயில் கொண்டிருக்கிறார்கள். அதற்குமுன், செங்குத்துப் பாறையில் அறையப்பட்ட கடப்பாரைகளில் கால்வைத்து, சங்கிலியைப் பற்றி ஏற வேண்டும்.

2022 கார்த்திகையில், இறங்கும்போது எங்கள் பாகூர் அண்ணன் விழுந்தார். எல்லோரும் அஞ்சும் கடப்பாரைப் பகுதியைக் கடந்தாகிவிட்டது. பேச்சும் சிரிப்புமாக வந்த காட்டுப்பாதையில், பாசி படிந்த ஒரு பாறை வழுக்கிவிட்டது. கணுக்கால் முறிந்தது. இரண்டு கம்புகளில் வேட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு அடிவாரம் சேர்வதற்குள் இருட்டிவிட்டது.

தகடும் திருகாணிகளும் வைத்தபின் எலும்பு கூடியது. ஆனால் அண்ணன் உழவர். ஈர வரப்பில் கால்வைக்கவே அவருக்குக் கூசியது. நடவுக்கு ஆள் விட்டுவிட்டு மேட்டிலேயே நின்றுகொண்டார். சொந்தக் கழனிக்குள் இறங்காத அவரைப் பார்த்து வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே அவரை வருத்தியது. 2024 மாசியில் ஒருநாள் அவரே கேட்டார்: "தம்பி, அந்தப் பாறைய ஒருதரம் பாத்துட்டு வந்துடலாமா?"

அமெரிக்காவின் யூட்டா பாலைநிலத்தில் 2003-இல் பாறை இடுக்கில் கை சிக்கி, ஐந்து நாட்களுக்குப்பின் அந்தக் கையைத் தானே அறுத்துக்கொண்டு மீண்டவர் ஆரன் ரால்ஸ்டன். அவர் மீண்டும் மலைகளுக்குத் திரும்பினார்; கொலராடோவின் 14,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களில் குளிர்காலத்தில் தனியாக ஏறும் முயற்சியை 2005-இல் நிறைவு செய்தார். வீழ்ந்தவர் உச்சியில் நிற்கும் இத்தகைய கதையைத்தான் உலகம் விரும்புகிறது.

பயணத்தின்போது எங்களுக்கு நினைவுக்கு வந்ததோ மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய 583 அடிகள். அதில் வரும் நவிரமலையே பர்வதமலை என்பர். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறான். பரிசிலின் பெருமையோடு அவன் நிறுத்திக்கொள்வதில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புகள், தினைப்புனத்துக் காவலர் எறியும் கவண்கற்கள், அடியைத் தளர்த்தும் பாசி என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கிறான். பாசி எங்கே இருக்கிறதென்பது போய் மீண்டவனுக்குத்தானே தெரியும்!

அண்ணனை வீழ்த்திய பாறையை அன்று தேடினோம். ஒன்றுபோலவே நான்கைந்து பாறைகள் கிடந்தன. எதுவும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. "இதுதான்" என்று ஒன்றைத் தொட்டார் அண்ணன். பிறகு "இல்ல, அதுவா இருக்கும்" என்று இன்னொன்றைக் காட்டினார். பதினைந்து மாதங்களாக உறக்கத்தைக் கெடுத்தது இன்னதென்றே தெரியாமல் போனதை எண்ணிச் சிரித்துவிட்டார்.

கடப்பாரைகளின் அடியில் அவர் கணுக்கால் மடங்க மறுத்தது. இரண்டு கடப்பாரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். நாங்கள் வற்புறுத்தினோம். "நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கியே குந்தியிருக்கேன்" என்றார். அந்தக் குரலில் அச்சமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை.

தரிசனம் முடிந்து நாங்கள் திரும்பியபோது, கல்லூரி மாணவர் போலிருந்த சிலர் அவரைச் சூழ்ந்து நின்றனர். "ஏறும்போது யாரும் உழ மாட்டான் தம்பி. இறங்கும்போதுதான் பாத்து. அந்த வளைவுல பேச்ச நிறுத்திட்டு நடங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அவ்வாண்டுச் சம்பா நடவில் அண்ணன் ஒரு கோலை ஊன்றியபடி வரப்பில் நடந்தார். நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையின் வெள்ளம் பாகூர் வயல்களுக்குள் புகுந்தது. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாத அந்த நீரில், கோலால் தட்டித் தட்டி எங்களுக்கு முன்னால் நடந்தவர் அவர்தான்.