தோற்றவர் படிக்கும் படிப்பா?

வைகாசி மாதத்தில் கயத்தாற்றுக் கரிசல், பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்படியொரு மாலையில் நமது பங்கைச் சேர்ந்த விவசாயி ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். அப்பெண் இருமுறை நீட் தேர்வு எழுதியும் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிரியல் பட்டப்படிப்புக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கட்டணத்திற்காக இரண்டு ஏக்கர் நிலத்தை விற்பதா, வேண்டாமா என்பதே தந்தையின் கேள்வி.

“டாக்டருக்குத்தான் கெடைக்கல சாமி. தோத்தவங்க படிக்கிற படிப்புக்கு நிலத்த விக்கணுமா?” என்றார் அவர். மகள் தலை நிமிரவில்லை.

அச்சொல் நம்மைச் சுட்டது. ஏனெனில், சில ஆண்டுகளுக்கு முன் நாமும் ஏறத்தாழ அதையே ஒருவனிடம் சொல்லியிருந்தோம். பாம்புச் சட்டைகளையும் பறவை இறகுகளையும் தேடித் தேடிச் சேர்த்தவன் அவன். விலங்கியல் படிக்கலாமா என்று கேட்டு வந்தான். “வேலை கிடைக்காது, பொறியியல் படி” என்றோம். கீழ்ப்படிந்தான். இன்று நல்ல ஊதியத்தில் இருக்கிறான். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஊர் வந்தவனிடம் அந்த இறகுகளைப் பற்றிக் கேட்டோம். “அதெல்லாம் அப்பவே தூக்கிப் போட்டாச்சு ஃபாதர்” என்று சிரித்தான். அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும், அன்றைய இரவுச் செபத்தில் நமது மனம் ஒன்றவில்லை.

எனவே இம்முறை அறிவுரை கூறுமுன் அப்பெண்ணிடம் கேட்டோம்: “அம்மா, உயிரியலில் உனக்கு என்னதான் தெரிய வேண்டும்?” சற்றுத் தயங்கியபின் அவள் சொன்னாள்: “மழ பேஞ்ச ஒரு வாரத்துல காடெல்லாம் பச்சையாயிருது ஃபாதர். இத்தன நாளும் அந்த விதையெல்லாம் எப்படிச் சாகாம கெடந்துச்சு?”

இறையியல் படித்த நமக்கும் விடை முழுதாகத் தெரியவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டி அறிந்தோம். கோடையில் கரிசல் வெடிக்கும்போது மேல்மண்ணோடு விதைகளும் அவ்வெடிப்புகளுள் விழுகின்றன. பல விதைகளின் தோல், நீர் எளிதில் புகாதபடி கடினமானது. முதல் மழையிலேயே எல்லா விதைகளும் முளைத்துவிடுவதில்லை. அம்மழை பொய்த்துவிட்டாலும் இனம் அழியாதபடி ஒரு பகுதி மண்ணுக்குள்ளேயே காத்திருக்கும். இதனை விதை உறக்கம் என்கிறது அறிவியல். நாள்தோறும் அந்நிலத்தின் வழியே நற்கருணை எடுத்துச் சென்ற நாம் அதைக் காணாமலே நடந்திருக்கிறோம்.

தேர்வில் தவறியவர் என்றால் கிரகோர் மெண்டலும் தவறியவரே. அவர் விவசாயி மகன். அவரது படிப்புக்காகத் தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பகுதியையே விட்டுக்கொடுத்தார். அகுஸ்தினார் சபைத் துறவியான மெண்டல் 1850-இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தோற்றார். மடத்தின் தலைவர் அவரைக் கைவிடாமல் வியன்னா பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். 1856-இல் மீண்டும் முயன்றும் அவர் தேறவில்லை. அதே ஆண்டில் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கொண்டு ஆய்வைத் தொடங்கினார். 1863 வரை ஏறத்தாழ 28,000 செடிகளை வளர்த்து, எண்ணி, குறித்து வைத்தார். 1866-இல் வெளியான அவரது கட்டுரையை உலகம் பொருட்படுத்தவில்லை. அவர் இறந்தது 1884-இல். அவரது கண்டுபிடிப்பின் அருமை உணரப்பட்டதோ 1900-இல். இன்றைய மரபியல் அந்தத் தோட்டத்தில் வேர் கொண்டதே.

இத்தகைய படிப்பு விசுவாசத்தைக் குலைத்துவிடும் என அஞ்சுவோரும் நம்மிடையே உண்டு. பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்றுக்கொண்டார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ரபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ, தமிழகத்துத் தாவரங்களைத் தேடிச் சேர்த்துப் பெயரிட்டு விவரிப்பதையே தம் பணியாகக் கொண்டிருந்தார். விலங்குகளுக்குப் பெயரிடும் பணி மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டதைத் தொடக்கநூலில் வாசிக்கும் நமக்கு இதில் வியப்பில்லை.

ஆனால், வியப்பை நம்பி நிலத்தை விற்கச் சொல்லலாமா? கூடாது. பட்டப்படிப்போடு வேலை உறுதியாகிவிடாது. முதுகலையும் கல்வியியலும் படிக்க வேண்டி வரலாம் என்பதை மறைக்காமல் சொன்னோம். அந்நிறுவனத்திற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு உண்டா, ஆய்வுக்கூடமும் நிலையான ஆசிரியர்களும் உள்ளனரா, ‘உயிரியல்’ என்ற பெயரில் தரப்படும் பட்டம் அரசுப் பணிக்குத் தாவரவியலுக்கோ விலங்கியலுக்கோ இணையாகக் கொள்ளப்படுமா என்று விசாரிக்கச் சொன்னோம். தனியார் என்றாலே பெருங்கட்டணம் என்பதுமில்லை. பாளையங்கோட்டையில் அரசு உதவிபெறும் தனியார் கல்லூரிகள் உள்ளன. அங்கே தாவரவியலை முதன்மைப் பாடமாகவும் விலங்கியலைத் துணைப்பாடமாகவும் குறைந்த செலவில் படிக்க இயலும் என்றோம். அவ்வாறே அவள் சேர்ந்தாள். நிலம் நிலைத்தது.

புரட்டாசியில் தந்தை மீண்டும் வந்தார். விதைப்புக்கு வைத்திருந்த உளுந்திலிருந்து 100 விதைகளை எண்ணி, ஈரத்துணியில் சுற்றி வைத்தாளாம் மகள். 61 மட்டுமே முளைத்தன. சான்று பெற்ற உளுந்து விதையில் 75-ஆவது முளைக்க வேண்டும் என்று சொல்லி, வேறு விதை வாங்க வைத்திருக்கிறாள்.

“முப்பது வருசமா விதைக்கேன் சாமி. ஒரு நாளும் எண்ணிப் பாத்ததில்ல” என்றார்.

தோற்றவர் படிப்பு என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. நாமும் நினைவூட்டவில்லை.