வெந்நீர்க் குழாயும் துணி மிஷினும்

கருவேப்பிலங்குறிச்சி, சித்திரை மாதம். மாடியில் கறுப்புச் சின்டெக்ஸ். மத்தியானம் குழாயைத் திறந்தால் கை சுடுகிறது. துணி மிஷினுக்குக் கீசர் லைன் கொடுக்கலாமா என்று கேட்கிறவர்களை முதலில் அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

*

கணக்கு. முன்பக்கம் திறக்கிற மிஷின் ஒரு தடவைக்கு ஐம்பது லிட்டர் அளவில் குடிக்கும். சோப்போடு துவைக்க அதில் ஏறத்தாழ 15 லிட்டர்தான், மிச்சமெல்லாம் அலசலுக்கு. அந்த 15 லிட்டரை மிஷினுக்குள் இருக்கும் ஹீட்டரே 28 டிகிரியிலிருந்து 40-க்கு ஏற்ற 0.2 யூனிட் போதும். 60-க்கு ஏற்றினாலும் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். இதற்காகவா சுவரை வெட்டிக் குழாய் பதிப்பது?

பத்து மீட்டர் முக்கால் இஞ்சுக் குழாயில் இரண்டரை லிட்டர் நிற்கும். முதலில் வருவது அந்த ஆறின தண்ணீர்தான். கடைசியில் வெந்நீர் குழாயிலேயே கிடந்து ஆறும்.

*

ஒரே இன்லெட் உள்ள மிஷினுக்கு வெந்நீரைக் கொடுத்தால் அலசலுக்கும் வெந்நீரே போகும். வீண். அதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு: ரத்தக்கறையும் முட்டைக்கறையும் சூடு பட்டால் நூலில் இறுகிவிடும். பச்சைத்தண்ணீரில் தொடங்கி மெல்லச் சூடேற்றுகிற மிஷினின் வழக்கம்தான் சரி.

*

சலவைத் தொழிலாளிகளின் வெள்ளாவி வேறு கதை. உவர்மண் கரைத்த நீரில் முக்கி, துணிகளை அடுக்கி, அடியில் பானைத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவியிலேயே வேகவைப்பார்கள். அந்தச் சூட்டுக்கு எந்தக் கீசர் லைன் வரும்?

*

உப்புத் தண்ணீர் போர் உள்ள வீடு. சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு பிரிந்து காயிலில் படியும். கீசரில் படிந்தால் என்ன, மிஷினில் படிந்தால் என்ன, காசு நம்முடையது. 40 டிகிரியோடு நிறுத்திக்கொண்டால் படிவது குறையும்.

*

மிஷினுக்குள் இருக்கும் ஹீட்டர் 2,000 வாட் என்றால் 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், வேலை செய்கிற எர்த், இரண்டும் கட்டாயம். பீங்கான் பியூஸ் கட்டை நல்லதாக இருந்து என்ன, அதில் கண்ட கம்பியை முறுக்கி வைத்தால்? வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் ஹீட்டர் சக்தி பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். மிஷின் மணிக்கணக்கில் ஓடுகிறதே என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் பார்க்கலாம்.

*

மேலே திறக்கிற சில மிஷின்களுக்கு இரண்டு இன்லெட். சிவப்பு வெந்நீர், நீலம் பச்சைத்தண்ணீர். பல மிஷின்களுக்கு 60 டிகிரிதான் எல்லை. கோடையில் சோலார் வெந்நீர் அதைத் தாண்டும். கலக்கிக் குறைத்துவிடும் வால்வு வேண்டும். குழாய் சிபிவிசி. சாதாரண பிவிசி இளகிவிடும்.

*

பாத்திரம் கழுவும் மிஷினுக்கு மட்டும் என் பதில் வேறு. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சூடு வேண்டும். மொத்தமே பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான் செலவு. மாடியில் சோலார் இருந்து, கையேடும் அனுமதித்தால் தாராளமாகக் கொடுக்கலாம். கீசர் என்றால் வேண்டாம். அங்கே எரிவதும் அதே மின்சாரம்தான், வழியில் ஆறுவது தண்டம்.