கப்பு நிற்காத பிரேம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் பார் வைத்த பெரிய சைக்கிளில் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்த ஊர் இது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பிள்ளையை உட்காரவைக்கப் பார் தோதாக இருக்கிறதென்று பல பெண்கள் ஆண்கள் சைக்கிளையே விரும்பியதாக பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

கீரமங்கலம் பக்கம் ஒரு மரத்தடிக் கடையில் நான் பார்த்ததும் அப்படியொரு வண்டிதான். பூ வியாபாரம் செய்யும் அக்கா ஒருவருடையது. "பிரேக் புடிச்சா டக்கு டக்குங்குதுண்ணே. வேற கடையில கப்பு மாத்தியும் நிக்கல" என்றார்.

மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். ஸ்பேனரைத் தொடவே இல்லை. முன்பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் உலுக்கினார். இன்னொரு கையின் விரல், முன்குழாயும், போர்க் திரும்பும் பால்ரஸ் குண்டுகளைத் தாங்குகிற கீழ்க்கப்பும் சேருகிற விளிம்பில் இருந்தது. "இங்க வச்சுப் பாருங்க தம்பி." வைத்தேன். போர்க்குக்கும் கப்புக்கும் நடுவே ஆட்டமில்லை. கப்பேதான் குழாய்க்குள் மயிரிழை நகர்ந்தது.

கப்பைப் பிடித்து நிறுத்த மறையோ பசையோ கிடையாது. அதன் வெளிவிட்டம் குழாயின் உள்விட்டத்தைவிடச் சுமார் 0.1 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். அந்த இறுக்கம்தான் பிடி. மேல்நட்டு தளர்ந்த வண்டியைச் சுமையோடு ஓட்டிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு பிரேக்குக்கும் போர்க் நெம்பி, கப்பு ஆடி ஆடிக் குழாயைத் தேய்த்துவிடும். அப்புறம் புதுக் கப்பு போட்டு என்ன பயன்? தேய்ந்தது பிரேம்.

பிரேக் கம்பிகளைக் கழற்றி, ஹேண்டில் போல்ட்டின் தலையில் மரக்கட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். போர்க்கை உருவியதும் பால்ரஸ் குண்டுகள் தட்டில் சிதறின. கப்பை எடுக்க வழக்கமாக மறுபக்கத்திலிருந்து கம்பி விட்டுச் சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும். இது கையோடு வந்தது. குழாய்க்குள் முன்னும் பின்னும் வெள்ளிபோலப் பளபளப்பு. இரு பக்கவாட்டிலும் பழைய துரு அப்படியே இருந்தது. துளை வட்டம் போய் முட்டை வடிவமாகிவிட்டது.

இதற்குக் குறுக்குவழிகள் உண்டு. குழாயின் உள்ளே பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாக அடித்தால் பிசிறு எழும்பிக் கப்பைக் கவ்வும். சில காலம் நிற்கும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் குழாயை இன்னும் கீறும். கேஸ் வெல்டிங்கில் கப்பைப் பற்றவைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் சொன்னதும் அண்ணன் முகம் சுளித்தார். "எனக்குச் சுளுவா முடிஞ்சுரும். நாளைக்குக் கப்பு குழி விழுந்தா, பிரிக்கிறவன் என்ன செய்வான்? வண்டியத் தூக்கிப் போடவா?" இன்னொருவர் பிரிக்க முடியாதபடி செய்வது ரிப்பேரே இல்லை என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். லேத்தில் பெரிய கப்பு கடைந்து வாங்கலாம். அந்தக் கூலிக்கு ஒரு பழைய சைக்கிளே கிடைத்துவிடும்.

அவர் எடுத்தது ஒரு கூல்டிரிங்ஸ் டின். பவுடர் டப்பாத் தகரம் தடிமன், மடங்காது. டின்னின் சுவர் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான், அலுமினியம் என்பதால் நசுங்கி இடுக்கை நிரப்பும். கப்பைச் சுற்றிவர ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு பட்டை வேண்டும். முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், நூலளவு இடைவெளி விட்டு வெட்டினார். ஏறினால் அந்த இடத்தில் கப்பு கோணிக்கொள்ளும். பிறகு குட்டையாக இரண்டு துண்டுகள். அவை பளபளத்த முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் மட்டும்.

கப்பைச் சுத்தியால் அடித்து இறக்கவில்லை. அடித்தால் சாய்ந்து தகட்டைக் கிழித்துவிடுமாம். நீளமான மறைக்கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டு, இரு முனையிலும் கெட்டி வாஷரும் நட்டும் போட்டு முறுக்கினார். கப்பு முனகிக்கொண்டே நேராக இறங்கியது. வெளியே பிதுங்கிய அலுமினியத்தைப் பிளேடால் சீவினார். கிரீஸ் அப்பிக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தார். எல்லாம் பூட்டியபின் முன்சக்கரத்தைத் தூக்கினார். ஹேண்டில் தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. மீண்டும் பிரேக், மீண்டும் விளிம்பில் விரல். ஆட்டமில்லை.

"தகரம் அமுங்கும்க்கா. வாரத்துல வந்து நட்டைக் காமிங்க. பூப்பையை ஹேண்டில்ல மாட்டாம கேரியர்ல கட்டுங்க."

"கேரியர்ல கயிறு போட்டு இறுக்குனா பூ நசுங்கிரும்ண்ணே."

"அப்ப மாசத்துக்கு ஒருக்கா வாங்க."