எல்லைக்கோட்டுத் தீவுகளில் ஏழு நாள்

தைப்பிங் நிலையத்தில் ரயில் நின்ற இரண்டு நிமிடமும் என் கணவர் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய அம்மாவும் அப்பாவும் அங்கிருந்து பத்து நிமிட தூரத்தில் இருக்கிறார்கள். நாங்கள் தீவு சுற்றப் போகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். மகனுக்கு வேலை போய் ஆறு வாரம் ஆகிறது என்பதுதான் தெரியாது. தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலில் நாள் முழுக்க ஒன்றாகத்தான் இருந்தோம். அப்போதும் சொல்லவில்லை.

தங்குமிடங்களுக்கு முன்பே பணம் கட்டியிருந்தோம். ரத்து செய்தால் திரும்ப வராது. போனால் மேலும் செலவு. மூன்று இரவு பேசிப் பார்த்துவிட்டுப் போவதென்று முடிவு செய்தோம். திருமணமாகி நான்கு ஆண்டில் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரு வாரம் விடுப்பு கிடைத்ததே இல்லை. இந்த முறை என் அலுவலகத்தில் மட்டும்தான் கேட்க வேண்டியிருந்தது.

அவர் பொறியியலாளர். திட்டத்தை எக்செலில் போட்டிருந்தார்: முதல் இரண்டு இரவு லங்காவி, அடுத்த இரண்டு தாய்லாந்தின் லிப்பே தீவு, கடைசி இரண்டு அதற்கு வடக்கே உள்ள முக் தீவு. பிறகு திராங், ஹட்யாய், பாடாங் பெசார் வழியாக ரயிலில் வீடு. விமானமே ஏறாத பயணம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டங்கள். இடையில் மூச்சுவிட இடமில்லை.

வடக்கே போகும் ஈடிஎஸ் ரயிலில் இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். சுங்கைப்பட்டாணி தாண்டியதும் குனோங் ஜெராய் எழுந்து நிற்கும். உயரம் 1,217 மீட்டர்தான். ஆனால் சுற்றிலும் வயலும் கடலும் என்பதால் மலை தன் உயரத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. வங்கக்கடல் தாண்டி வந்த பழைய கப்பல்களுக்கு இதுதான் அடையாளம். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த கடாரம் இந்தப் பக்கம்தான். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் "ம்" கொட்டிக்கொண்டு வந்தார்.

அலோர்ஸ்டாரில் இறங்கி, கோலகெடாவில் ஃபெரி ஏறினால் குவா துறைமுகத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். லங்காவியைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. 1987-ல் வரியில்லாத் தீவான பிறகு சாக்லேட்டும் பீங்கான் பாத்திரமும் வாங்கப் போகாத குடும்பம் உண்டா? நாங்கள் அந்தக் கடைகள் பக்கமே போகாமல், மறுநாள் காலை நான்கு மணி நேரத் தீவுச் சுற்றுலாப் படகில் ஏறினோம். டாயாங் பூந்திங் தீவில் சுண்ணாம்புப் பாறைச் சுவர் ஒன்றுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நன்னீர் ஏரி. நீச்சல் தெரியாத நான் உயிர்காப்புச் சட்டையோடு அதில் இறங்கினேன். பிள்ளையில்லாத தம்பதிகள் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பிள்ளை பிறக்கும் என்பது ஐதீகம். படகுக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துக் கண்ணடித்தார். முதலில் வேலை கிடைக்கட்டும் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சுற்றுலாவில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. கழுகுகள் கூட்டமாக இறங்கிவரட்டும் என்று சில படகுகள் கோழித்தோலைக் கடலில் வீசுகின்றன. தீவின் பெயரே கழுகிலிருந்து வந்தது என்பார்கள். அந்தப் பறவையைக் குப்பைக்குக் காத்திருக்கப் பழக்குவது என்ன பெருமை?

மூன்றாம் நாள் லிப்பே. காற்று அடங்கிய மாதங்களில் மட்டும், ஏறக்குறைய நவம்பரிலிருந்து மே வரை, லங்காவியிலிருந்து நேரடிப் படகு உண்டு. ஒன்றரை மணி நேரப் பயணம். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் என்பதால், கடிகாரத்தின்படி அரைமணியில் போய்ச் சேர்ந்துவிடுகிறோம்! நமக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 மே முதல் மின்னியல் வருகை அட்டை கட்டாயம். போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். பவளப்பாறையைக் கெடுக்கும் ரசாயனங்கள் உள்ள சன்ஸ்கிரீனுக்கு அங்குள்ள கடல் பூங்காக்களில் 2021 முதல் தடை. புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

படகு கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் ஒரு பெரிய பச்சை மலைத்தொடர் தெரிந்தது. அதுதான் தருத்தாவ். லங்காவியிலிருந்து பார்த்தால் அடுத்த தீவு. ஆனால் வேறு நாடு. 1909-ல் பிரிட்டனும் சயாமும் செய்த ஒப்பந்தத்தில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு இந்தப் பக்கம் வந்தன. அதுவரை கெடாவோடு ஒட்டியிருந்த சத்தூன் அந்தப் பக்கமே நின்றது. கோடு இந்தக் கடலின் நடுவே போனது. 1930களின் இறுதியில் தருத்தாவைச் சயாம் அரசு சிறைத்தீவாக்கியது. அங்கே அனுப்பப்பட்ட அரசியல் கைதிகளில் ஒருவர் சோ சேத்தபுத்ரா. சிறையில் இருந்தபடியே ஆங்கில - தாய் அகராதி தொகுத்தவர். வேறு ஐந்து பேர் 1939-ல் படகில் தப்பி லங்காவிக்கு ஓடி வந்தார்கள். போர்க்காலத்தில் நிலப்பகுதியிலிருந்து உணவு வருவது நின்றபோது, காவலர்களும் கைதிகளும் கூட்டுச் சேர்ந்து கடற்கொள்ளையில் இறங்கினார்கள். 1946-ல் பிரிட்டிஷ் படை வந்துதான் அதை அடக்கியது. இன்று அது 51 தீவுகள் அடங்கிய தேசியப் பூங்கா. 1974-ல் அறிவிக்கப்பட்டது.

லிப்பேயில் பெரிய துறைமுகம் கிடையாது. மிதவை மேடையில் இறங்கி, நீளவால் படகுக்கு மாறி, முழங்கால் அளவுத் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நாட்டுக்குள் நுழைய வேண்டும். மணலை ஒட்டியே குடிநுழைவுச் சாவடி. படகுக்காரர்கள் வாங்கி வைத்திருந்த கடப்பிதழ்களைக் கட்டாக எடுத்துப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். என் பெயரை அந்த மனிதர் உச்சரித்த விதத்தில், மூன்றாம் முறைதான் அது நான் என்று புரிந்தது.

அன்று மாலையே சண்டை. தீவின் கடைத்தெருவில் பிடித்த மீன்களை ஐஸில் அடுக்கி வைத்திருப்பார்கள். கைகாட்டினால் நெருப்பில் சுட்டுத் தருவார்கள். நான் ஒரு மீனைக் காட்டினேன். அவர் விலையை வெள்ளிக்கு மாற்றிக் கணக்குப் பார்த்தார். பிறகு வறுத்த சோறு போதும் என்றார். காலையிலிருந்து தண்ணீர்ப் புட்டி, தேங்காய், படகு என்று எதைப் பார்த்தாலும் இதே கணக்கு. எனக்குச் சலிப்பு. "விடுங்க, நான் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வார்த்தைகளில் எது தப்பு என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மீன் வந்தது. முள்ளை எடுத்துவிட்டு எனக்குத்தான் முதலில் வைத்தார். இருவரும் பேசாமல் சாப்பிட்டோம்.

மறுநாள் நீளவால் படகில் சுற்றினோம். ஜபாங் என்று நடுக்கடலில் ஒரு பாறை. சுற்றிலும் நீரோட்டம் இழுக்கும். அதற்காகக் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் அவர் தோளையும் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். ஊதாவும் சிவப்புமாக மென்பவளங்கள் காற்றில் ஆடும் சேலை மாதிரி ஆடின. நீச்சல் தெரியாது என்று இத்தனை வருடம் கரையில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது போதும். அங்கிருந்து ஹின் ங்காம் தீவு. மணலே இல்லாத கரை முழுக்க வழவழப்பான கருங்கற்கள். அலை நனைத்ததும் எண்ணெய் பூசியதுபோல் மின்னும். ஒரு கல்லை எடுத்துப் போனாலும் சாபம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். எடுத்துப் போனவர்கள் பயந்து தபாலில் திருப்பி அனுப்புவதும் உண்டாம். பக்கத்து லங்காவியில் மசூரி ஏழு தலைமுறைக்குச் சாபம் விட்டுப் போனாள். இங்கே கல்லுக்குச் சாபம். இவர் ஒரு கல்லை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல என்ன சாபம்" என்று கீழே போட்டார். சண்டைக்குப் பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

ஐந்தாம் நாள் காலை முக் தீவுக்குப் போகும் படகு ரத்து. காற்று. எண்பது மீட்டர் இருட்டுக் குகைக்குள் நீந்திப் போய்ப் பார்க்கும் மரகதக் குகையும், கட்டிய அறைப் பணமும் போயின. அந்த விடுதிக்கு இரண்டு முறை எழுதினோம். கொள்கைப்படி திருப்பித் தர முடியாது என்று இரண்டு முறையும் ஒரே பதில். எக்செல் கட்டங்கள் சிவப்பாயின. குகைக்குள் நீந்த வேண்டியதில்லை என்று எனக்கு உள்ளூர நிம்மதி என்பதை இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

செய்ய ஒன்றுமில்லாமல் தீவின் கிழக்குக் கரைக்கு நடந்தோம். அங்கேதான் ஊராக் லாவோய் மக்களின் குடியிருப்பு. விடுதிகளுக்கு நடுவே தகரக்கூரை வீடுகள், வலைகள், கோழிகள், பள்ளிக்கூடம். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஓராங் லாவுட்! கடல் மக்கள். அவர்கள் மொழி மலாய் மொழிக்கு உறவு. 1909-ல் கோடு போட்ட காலத்தில், இந்தத் தீவுகளில் நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று காட்டுவதற்காகச் சயாம் அதிகாரிகள் தங்கள் முன்னோரை இங்கே குடியேற ஊக்குவித்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. கடலே வீடு என்றிருந்தவர்கள் மண்ணுக்குக் காகிதம் வாங்கி வைக்கவில்லை. பிறகு சுற்றுலா வந்தது, காகிதத்தோடு வேறு ஆட்கள் வந்தார்கள். யார் நிலம், எது பாதை என்ற தகராறு பல வருடமாக நடக்கிறது. எந்த நாட்டு எல்லைக்குச் சாட்சியாக இருந்தார்களோ, அந்த நாட்டிலேயே தங்கள் வீட்டுக்குச் சாட்சி தேட வேண்டியிருக்கிறது.

மர நிழலில் ஒரு பெரியவர் மீன்பொறிக்குக் கம்பி முடைந்துகொண்டிருந்தார். நான் மலாயில் சலாம் சொன்னேன். நிமிர்ந்து பார்த்து, மலேசியாவா என்று கேட்டார். அவர் பேச்சில் பாதி புரிந்தது. மீதியைக் கையால் சொன்னார். நாளையும் காற்று இருக்கும், மறுநாள் அடங்கிவிடும் என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார்.

நான் கடலைப் பார்த்தேன்.

"தாக் அட கெர்ஜா, பாக் சிக்" என்றார் இவர். வேலை இல்லை. என்னைத் தவிர இன்னொரு மனிதரிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை.

பெரியவர் தலையாட்டினார். கடலைக் கைகாட்டி, "எனக்கும்தான் இன்றைக்கு வேலை இல்லை, காற்று" என்றார். இவர் சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. பெரியவர் கம்பிச் சுருளின் ஒரு நுனியை நீட்டி, இழுத்துப் பிடி என்றார். அன்று மதியம் வரை இவர் பிடித்துக்கொண்டிருந்தார். எப்படி முடிச்சுப் போடுகிறார், ஏன் வாய்ப்பகுதி உள்பக்கம் குவிகிறது என்றெல்லாம் பொறியியலாளர் கேள்வி கேட்க, பெரியவர் ஒவ்வொன்றுக்கும் அவிழ்த்துக் காட்டிப் பதில் சொன்னார். நான் பக்கத்துக் கடையில் ரொட்டியும் தேநீரும் வாங்கி வந்தேன். சத்தூன் பகுதியில் முஸ்லிம்கள் அதிகம் என்பதால் ரொட்டிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

அன்று இரவு கடற்கரையில் உட்கார்ந்து பேசினோம். நேர்காணலுக்கு எத்தனை இடத்தில் கூப்பிட்டார்கள், எத்தனை இடத்தில் பதிலே இல்லை, வீட்டுக் கடன் எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்று எல்லாவற்றையும். மீன் விஷயத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ கொடுத்தது பிரச்சினையில்லை. கொடுக்கிறேன்னு சொன்னதுதான்" என்றார். அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு நீண்ட நேரம் பதில் இல்லை. "முப்பது வருஷம் ஒரு நாள் விடாம பள்ளிக்கூடம் போனவர்" என்று மட்டும் சொன்னார். மாமா ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்.

ஆறாம் நாள் எதிரே உள்ள ஆடாங் தீவில் சாடோ குன்று ஏறினோம். பெரியவர் சொன்ன காற்று இருந்தது. ஆனால் கடக்க வேண்டிய தூரம் குறைவு. மேலிருந்து பார்த்தால் லிப்பே உள்ளங்கையில் அடங்குகிறது. காலையில் வெயிலுக்கு முன் ஏறுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும். படம் எடுக்க மறந்துவிட்டோம்.

கடைசி நாள் பாக் பாரா துறைக்குப் படகு, ஹட்யாய்க்கு வேன், அங்கிருந்து பாடாங் பெசார். இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஒரே நிலையத்தில் இருப்பதால் முத்திரைகள் சீக்கிரம் விழுந்தன. கைப்பேசி ஒரு மணி நேரம் முன்னால் தாவி நம் நேரத்துக்கு வந்தது. நடைமேடையின் கோடிக்கு நடந்து போய் இவர் ஓர் அழைப்பு செய்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

டிக்கெட் கோலாலம்பூர் வரை இருந்தது. தைப்பிங் வந்தபோது அவர் எழுந்து மேலேயிருந்து இரண்டு பைகளையும் இறக்கினார். வெளியே மழை, அந்த ஊரில் அது செய்தியே இல்லை. மாமா பழைய காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குடையோடு நின்றிருந்தார். பையை உள்ளே வைக்கும்போதே இவர் சொல்லிவிட்டார். மாமா அவர் கையிலிருந்த இன்னொரு பையை வாங்கிக்கொண்டு, "முதல்ல ஏறு, நனையாதே" என்றார்.

வீடு வரும்வரை வைப்பர் சத்தம்தான். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பாமலே சொன்னார்: "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ போய்க் குளி."