முன்பாரம், பின்பாரம்

போன வாரம் திருநெல்வேலி புறவழிச் சாலையில் பேருந்துக்காகக் காத்திருந்தேன். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வந்த கண்டெய்னர் லாரி ஒன்று வளைவில் திரும்பியது. முன்வண்டி முதலில் திரும்ப, பின்னாலிருந்த பெட்டி நிதானமாக அதன் பின்னே வந்தது. இரண்டையும் சேர்ப்பது முன்வண்டியின் பின் அச்சுக்கு மேலே படுத்திருக்கும் ஒரு வட்டத் தட்டு. பெட்டியின் அடியிலுள்ள இரும்பு முளை அதில் போய் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதை 'ஃபிஃப்த் வீல்' என்பார்கள், ஐந்தாம் சக்கரம். நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காகக் கிடையாக ஒரு வளையம் இருந்தது. அதிலிருந்து வந்த பெயர்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இதற்குப் பெயர் 'செலெத்', அதாவது சின்னச் சேணம். வண்டிக் குதிரையின் முதுகில் ஏர்க்கால்களைத் தாங்க வைக்கும் சேணத்துக்கும் அதே பெயர்தான். எனக்கு இந்தப் பெயர் பிடிக்கும். பாரம் எங்கே உட்கார வேண்டும் என்பதை அது சொல்லிவிடுகிறது.

என் மகன் கனடாவில் மொந்த்ரேயால் பக்கம் இருக்கிறான். 2018 ஜூலையில் நானும் மனைவியும் அங்கே போயிருந்தோம். அந்த வருடம் அவன் பழைய ட்ரெய்லர் வீடு ஒன்று வாங்கியிருந்தான். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. 30 அடி நீளம், ஏறக்குறைய 5 டன். அதுவும் செலெத்தில் மாட்டுகிற வகை. இழுப்பதற்கு அவனுடைய பிக்கப் டிரக். வாலிப ஆசையில் அதை 6 அங்குலம் உயர்த்தி, பெரிய டயர்கள் போட்டு வைத்திருந்தான். அதில் ஏற எனக்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது.

900 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, கடலோரம் பெர்சே என்ற ஊரில் இருக்கும் பெரிய பாறையைப் பார்ப்பதாக ஏற்பாடு. பேத்தி பத்து நாளாக நாள்காட்டியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். புறப்படுவதற்கு முந்தின மாலை மகன் ட்ரெய்லரை மாட்டினான். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். ட்ரெய்லரின் முகம் வானத்தைப் பார்த்தது, பின்புறம் தாழ்ந்திருந்தது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதற்குக் காரணம் பத்தமடையில் இருக்கிறது.

எனக்குப் பத்து வயது இருக்கும். விடுமுறைக்கு அம்மா பிறந்த ஊருக்கு வந்திருந்தோம். தாத்தா அப்போதுதான் புது மாட்டு ஜோடி வாங்கியிருந்தார். பழைய ஜோடியைவிட அரைச்சாண் உயரம். ஊரே வந்து பார்த்தது. ஒரு நாள் சேரன்மகாதேவி மில்லுக்கு நெல் கொண்டுபோக வேண்டும். வண்டிக்காரர் வரவில்லை. தாத்தாவும் மாமாவுமே மூட்டை ஏற்றினார்கள், பழைய ஜோடிக்கு அடுக்குகிற மாதிரியே. ஆனால் மாடு உயர்ந்தால் நுகத்தடி உயரும். நுகத்தடி உயர்ந்தால் வண்டி பின்னால் சாயும். முன்பாரமாக இருந்தது பின்பாரமாகிவிடும்.

நான் திண்ணையிலிருந்து பார்த்தேன். வண்டி சாய்ந்திருந்தது. பூட்டாங்கயிறு மாடுகளின் கழுத்தை மேலே இறுக்கியது. கேட்கலாமா என்று நினைத்தேன். பெரியவர்கள் செய்கிற காரியம், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். கன்னடியன் கால்வாய்க் கரை ஏற்றத்தில் மாமா பின்னாலிருந்து தள்ளியிருக்கிறார். கயிறு அறுந்து ஏர்க்கால் மேலே போக, மூட்டைகள் அவர் மேல் சரிந்தன. கால் முறிந்தது. கடைசி வரை மாமா நொண்டித்தான் நடந்தார். நான் பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை.

"தம்பி, வண்டி பின்பாரமா இருக்கு" என்றேன்.

"அப்பா, இது மாட்டு வண்டி இல்லப்பா" என்று சிரித்தான்.

நான் விடவில்லை. அளவு நாடாவைக் கேட்டு வாங்கினேன். தரையிலிருந்து ட்ரெய்லரின் முன்பக்கமும் பின்பக்கமும் அளந்தேன். 5 அங்குல வித்தியாசம். அவன் சிரிப்பு நின்றது, கோபம் வந்தது. "நீங்க ஆபீஸ்ல ஃபைல் பாத்தவங்க, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது" என்றான். உண்மைதான். முப்பத்து மூன்று வருடம் புதுச்சேரி அரசில் எழுத்தராகக் கோப்பு பார்த்தவன். ஆனாலும் சாய்வு சாய்வுதானே? காலையில் புறப்படுமுன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டு என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன். தூக்கம் வரவில்லை.

காலையில் காட்டினான். மெக்கானிக் பேசிய பிரெஞ்சு உச்சரிப்பு எனக்குப் பாதிதான் புரிந்தது, விஷயம் முழுதும் புரிந்தது. ட்ரெய்லரின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செலெத்தில் உட்கார வேண்டும். முகம் தூக்கினால் அந்தப் பங்கு குறைந்து, ட்ரெய்லரின் இரண்டு அச்சுகளில் பின் அச்சு கூடுதலாகச் சுமக்கும். அந்த டயர்கள் சூடேறும். பிரேக் பிடிக்கும்போது எல்லாச் சக்கரமும் ஒன்றாக வேலை செய்யாது. செலெத்தைத் தாழ்த்தலாம் என்றால், திரும்பும்போதும் மேடு பள்ளத்திலும் டிரக்கின் பக்கச் சுவரில் ட்ரெய்லர் இடிக்கும். ட்ரெய்லரை உயர்த்தினால் பாலங்களுக்குக் கீழே போவது கவலை. டிரக்கைப் பழைய உயரத்துக்கே இறக்குவதுதான் வழி.

அதற்கு ஒரு வாரம் ஆனது. முன்பதிவுப் பணம் போயிற்று, லீவு தீர்ந்தது. பேத்தி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மகனும் அதிகம் பேசவில்லை. அந்தப் பாறையை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். நடக்காததற்கு யாரும் ரசீது தருவதில்லை. அவர்கள் பயணத்தைக் கெடுத்தவன் என்ற பேர்தான் மிச்சம். அந்தப் பேரோடு ஊர் திரும்பினேன்.

அடுத்த கோடையில் ஒரு நாள் கைபேசியில் ஒரு படம் வந்தது. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, பக்கவாட்டில் எடுத்தது. டிரக்கும் ட்ரெய்லரும். கீழே ஒரே வரி: "அப்பா, சரியா இருக்கா?"

அடிக்கோலைக் கைபேசித் திரையில் வைத்துப் பார்த்தேன். நேராக இருந்தது. "போய் வா" என்று எழுதினேன். ஒவ்வொரு கோடையிலும் அந்தப் படம் வருகிறது.